பம்பிங் குறைந்த இதயமும் பைபாஸும்: சேலம், நாமக்கல் சமவெளியின் அரை நூற்றாண்டு

இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிரம்பிய ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளுவதில்லை. 100 மில்லி நிரம்பினால் ஏறக்குறைய 60 மில்லி வெளியேறும். மிச்சம் உள்ளேயே தங்கும். எக்கோ அறிக்கையில் சதவீதமாக எழுதப்படும் இந்த அளவுக்கு சேலம், நாமக்கல் பக்கத்து மருத்துவமனை வராந்தாக்களில் வழங்கும் பெயர் 'பம்பிங்'. அது 55க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 35க்குக் கீழே இறங்கினால் படியேறும்போது மூச்சு வாங்கும், கால் வீங்கும், இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார வேண்டிவரும். இதயத் தமனிகளில் அடைப்பும் இருந்து, பம்பிங்கும் இந்த அளவுக்கு இறங்கிவிட்ட ஒருவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்யலாமா? இதயநோய் மருத்துவத்தில் நெடுநாள் வழக்காக இழுத்த கேள்விகளில் இது ஒன்று. தொடக்க ஆண்டுகளில் விடை பெரும்பாலும் 'வேண்டாம்' என்றே வந்தது. அந்த விடை மாறிவந்த ஐம்பது ஆண்டுகளில்தான், நெஞ்சுவலிக்காரரை ரயிலேற்றி வெளியூர் அனுப்பிக்கொண்டிருந்த இந்தச் சமவெளியும் உள்ளூரிலேயே இதய அறுவை செய்யும் இடமாக மாறியது.

பைபாஸ் பிறக்க முதலில் இரண்டு கருவிகள் தேவைப்பட்டன. ஒன்று, அறுவை நடக்கும்போது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியிலிருந்து செய்யும் இயந்திரம். அதை 1953 மே மாதம் அமெரிக்காவில் ஜான் கிப்பன் ஒரு நோயாளிக்கு வெற்றிகரமாகப் பயன்படுத்திக் காட்டினார். மற்றொன்று, அடைப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் படம். கிளீவ்லாண்டில் மேசன் சோன்ஸ் 1958இல் இதயத் தமனிக்குள்ளேயே சாயத்தைச் செலுத்திப் படமெடுத்தார். ஆஞ்சியோகிராமின் தொடக்கம் அது. லெனின்கிராடில் வசிலி கொலேசோவ் 1964இல் நெஞ்சுச் சுவரின் உள்தமனியை இதயத் தமனியோடு இணைத்தார். ஆனாலும் உலகம் முழுக்கப் பரவிய முறை, அர்ஜென்டினாவிலிருந்து கிளீவ்லாண்டுக்கு வந்திருந்த ரெனே ஃபாவலோரோ 1967இல் தொடங்கிவைத்ததே. காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, மகாதமனியிலிருந்து அடைப்புக்கு அப்பால் ரத்தத்துக்குப் புது வழி போடுவது அந்த முறை.

தமிழ்நாட்டில் இதற்கான நிலம் முன்பே பண்பட்டிருந்தது. ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து நெஞ்சறை அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் அங்கே திறந்த இதய அறுவை நடந்தது. பைபாஸின் முதல் இந்திய மேடை சென்னையின் பெரம்பூர். தெற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவமனையில் 1975இல் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். அவர் வேலூரில் பணியாற்றியபின் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அப்போது அவருக்கு வயது 33. ரயில்வே ஊழியர்களின் நலனுக்காகக் கட்டிய ஒரு மருத்துவமனை நாட்டின் பெரிய மருத்துவக் கழகங்களை முந்திக்கொண்டது தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. தொழிலாளியிடம் கட்டணம் கேட்கத் தேவையில்லாத இடம் அது. சிகிச்சைக்கான செலவை நிர்வாகமே ஏற்றது.

சேலமும் நாமக்கல்லும் அப்போது ஒரே மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். சேலத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருந்தது. இதய அறுவைக்கு வசதி இல்லை, மருத்துவக் கல்லூரிகூட இல்லை. நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவருக்கு இருந்த வழிகள் சில. 340 கிலோமீட்டர் தள்ளி சென்னை, வடக்கே வேலூர், 200 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே 1970களின் தொடக்கத்தில் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனை உருவாகியிருந்தது. சேலம் சந்திப்பில் வேலை பார்த்த ரயில்வே ஊழியர் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டக்காரர். அவர் கையிலிருந்த பாஸ் அவரைப் பெரம்பூருக்கே கொண்டுசேர்த்தது. பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ தறி ஓட்டியவருக்கும், ராசிபுரத்துக்காரருக்கும், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்த பட்டறைக்காரருக்கும் அப்படியொரு பாஸ் இல்லை. நாமக்கல் ஊருக்கு ரயில் பாதையே 2013இல்தான் வந்தது. 1983இல் சென்னையில் அப்போலோவும், 1990இல் கோவையில் கே.எம்.சி.எச்.சும் தொடங்கியபின் காசுள்ளவர்களுக்குத் தூரம் குறைந்தது. காசில்லாதவர்களில் ஒரு பகுதியினருக்கு 1991இல் புட்டபர்த்தியில் திறக்கப்பட்ட சத்ய சாயி மருத்துவமனை கைகொடுத்தது. அங்கே அறுவைக்குக் கட்டணம் கிடையாது, காத்திருப்பு மட்டும் உண்டு.

தூரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பம்பிங் குறைந்த இதயம் பெரும்பாலும் தாமதத்தின் விளைவு. இதயத் தமனி அடைபட்ட நிமிடத்திலிருந்து அதன் பாசனத்தில் இருக்கும் தசை சாகத் தொடங்குகிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்தோ பலூனோ முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால் தசையில் பெரும்பகுதி பிழைக்கும். பன்னிரண்டு மணி நேரம் கடந்துவிட்டால் காப்பாற்ற மிச்சம் குறைவு. நெஞ்சுவலியை வாயுப் பிடிப்பு என்று எண்ணி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் பக்கத்தில் இன்றும் ஒழியவில்லை. லாரித் தொழில் கூடுதலாக ஒரு சிக்கலைச் சேர்த்தது. நாமக்கல், சங்ககிரி வண்டிகளையும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகளையும் ஓட்டிப்போகிறவருக்கு வலி வருவது வேற்று மாநில நெடுஞ்சாலையிலாகவும் இருக்கலாம். சரக்கை இறக்கிவிட்டு ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதற்குள் இதயத்தின் முன்சுவர் தழும்பாகிவிடும். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் மாரடைப்பு வந்துபோவதும் உண்டு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்று 2007இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வுக் கட்டுரை காட்டியது. மற்ற நாட்டவருக்கு அது ஏறக்குறைய 59. வீட்டில் சம்பாதிக்கும் ஆள் ஒருவரே என்ற நிலையில் இந்த ஆறு ஆண்டு இடைவெளி சின்னதல்ல.

அறுவை மருத்துவர்கள் பலவீனமான இதயத்தை ஒதுக்கியதற்கு நியாயம் இருந்தது. பைபாஸ் போட வேண்டுமானால் துடிப்பை நிறுத்தி, இதயத்துக்குப் போகும் ரத்தத்தையே சிறிது நேரம் மறிக்க வேண்டும். நல்ல தசை அதைத் தாங்கி மீண்டுவிடும். ஏற்கெனவே பாதி தழும்பாகிப்போன இதயம், இயந்திரத்திலிருந்து விடுவிக்கும்போது மறுபடி பிடித்துக்கொள்ளாமல் போகலாம். ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் நிற்கும், நோயாளி அறுவை மேசையிலோ அடுத்த இரண்டு நாளிலோ இறந்துபோகலாம். ஆகவே பைபாஸையும் மருந்தையும் ஒப்பிட்ட 1970களின் பெரிய ஆய்வுகள் இத்தகையவர்களை ஏறக்குறைய வெளியேதான் நிறுத்தின. அமெரிக்காவின் காஸ் ஆய்வு 35 சதவீதத்துக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. ஐரோப்பிய ஆய்வு 50க்கு மேல் இருப்பவர்களை மட்டுமே எடுத்தது. கேரளத்தில் பிறந்து பெங்களூரில் படித்த சலீம் யூசுஃப் 1994இல் இந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தபோது, மொத்தம் 2,649 பேரில் பம்பிங் 40க்குக் கீழ் இருந்தவர்கள் 7 சதவீதம் அளவே இருந்தார்கள். பைபாஸ் யாருக்கு நல்லது என்று உலகம் எழுதிவைத்த விதிகள், நல்ல இதயம் உள்ளவர்களைப் பார்த்து எழுதியவை.

ஆனால் அதே காஸ் ஆய்வோடு ஒரு பதிவேடும் இருந்தது. ஆய்வில் சேர்க்காத நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று அது குறித்துவைத்தது. 1983இல் வெளியான அதன் கணக்கில், பம்பிங் 26க்கும் கீழே போனவர்களில் மருந்தோடு நின்றவர்கள் ஐந்து ஆண்டில் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்கள் 63 சதவீதம். யாருக்கு அறுவை என்பதை மருத்துவர்களே தேர்ந்தெடுத்திருந்ததால் இந்த வேறுபாட்டை அப்படியே நம்ப முடியாது. இருந்தும், 'கூடாது' என்ற விதியில் முதல் விரிசல் இதுதான்.

அந்த விரிசலுக்கு விளக்கம் தந்தவர் பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ஷாபுதீன் ரஹிம்தூலா. அசையாத தசை எல்லாமே செத்த தசை ஆகாது என்று அவர் 1980களில் வாதிட்டார். ரத்தம் போதாதபோது தசை தன் வேலையைக் குறைத்துக்கொண்டு, இருக்கிற ரத்தத்தில் உயிரை மட்டும் பிடித்துவைத்திருக்கும். கோடையில் கருகிப்போனாற்போல் நின்று வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் துளிர்க்கும் பயிரைப் போல. ரத்தம் திரும்பினால் இந்த உறங்கும் தசை மறுபடி சுருங்கத் தொடங்கும். இந்தக் கருத்து வந்ததும் கேள்வியே மாறியது. பம்பிங் எவ்வளவு என்பதோடு, குறைந்த பம்பிங்கில் தழும்பு எவ்வளவு, உறக்கம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதாயிற்று. தேலியம் ஸ்கேன், டோபுடமைன் மருந்து கொடுத்துச் செய்யும் எக்கோ, பிறகு எம்.ஆர்.ஐ. என்று அதற்கான சோதனைகள் ஒவ்வொன்றாக வந்தன.

அறுவையின் கைமுறையும் இதற்குள் தேறியிருந்தது. பொட்டாசியம் கலந்த குளிர்ந்த ரத்தத்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்தும் முறை, நிறுத்திய நேரத்தில் தசை சேதமாகாமல் காத்தது. நெஞ்சுச் சுவரின் இடது உள்தமனியைக் கொண்டு போடும் வழி கால் சிரையைவிட நீண்டகாலம் அடையாமல் இருப்பது 1986இல் கிளீவ்லாண்டுக் கணக்கால் உறுதிப்பட்டது; அதற்குப்பின் முன்சுவரின் தமனிக்கு அதையே பயன்படுத்துவது விதியாயிற்று. அட்ரியன் காண்ட்ரோவிட்ஸ் 1967இல் நோயாளிக்கு முதன்முதலாகப் பயன்படுத்திய பலூன் பம்ப், பலவீனமான இதயத்துக்கு ஊன்றுகோலானது. தொடைத் தமனி வழியே மகாதமனிக்குள் ஏற்றிய நீண்ட பலூன், இதயம் விரியும்போது ஊதிப்பெருத்து இதயத் தமனிகளுக்குள் ரத்தத்தைத் தள்ளும். சுருங்கும்போது தானும் சுருங்கி இதயத்தின் சுமையைக் குறைக்கும்.

1990களின் இறுதியில் இந்திய அறுவை மருத்துவர்கள் பெருவாரியாகப் பற்றிக்கொண்ட மற்றொரு முறை, துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் போடுவது. தைக்கும் இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறு கருவி இருந்தால் போதும், இதயத்தை நிறுத்த வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். இயந்திரத்துக்கான ஒருமுறைப் பொருள்களின் செலவு மிச்சமாவதும் இங்கே அதன் செல்வாக்குக்கு ஒரு காரணம். மருத்துவ நூல்கள் இந்தச் செலவுக் காரணத்தைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்லும். பலவீனமான இதயத்துக்கு இந்த முறை பாதுகாப்பு என்று ஒரு சாரார் நம்பினார்கள். பின்சுவரில் தைக்க இதயத்தைத் தூக்கித் திருப்பும்போது ரத்த அழுத்தம் சரிந்துவிடும் என்று மறுசாரார் சொன்னார்கள். 4,752 பேரைக் கொண்டு நடந்து 2012இல் முதல் முடிவு வெளியான கரோனரி ஆய்வில் இரண்டு முறைக்கும் இடையே உயிரிழப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

சமவெளிக்குள் இந்த அறுவை வந்து சேர்ந்தது இரண்டு கால்களில்: ஒன்று கட்டடம், மற்றொன்று காப்பீடு. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவரும், 1973இல் விமான விபத்தில் இறந்த மத்திய அமைச்சருமான மோகன் குமாரமங்கலத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பிரதமரின் சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதற்கட்டத்தில் நாடு முழுவதும் தரம் உயர்த்தத் தேர்ந்தெடுத்த 13 மருத்துவக் கழகங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான். அந்தப் பணத்தில் எழுந்த பல்துறை உயர்சிறப்புக் கட்டடம் இதய மருத்துவத்துக்கும் இதய அறுவைக்கும் இடம் தந்தது. தனியார் மருத்துவமனைகளும் சேலத்தில் ஆஞ்சியோகிராம் கூடங்களையும் இதய அறுவை அரங்குகளையும் அமைத்தன.

கட்டடம் இருந்தும் பணமில்லையென்றால் பயனில்லை. பைபாஸுக்காக நிலத்தை அடமானம் வைப்பதும், சீட்டை அவசரமாகத் தள்ளி எடுப்பதும், தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி ஆண்டுக்கணக்கில் கட்டுப்பட்டுக்கிடப்பதும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஏற்றது. 2012 ஜனவரியில் அதன் இடத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின் வரம்பு 5 லட்சமானது. பெரம்பூரில் ரயில்வே ஊழியருக்கு 1975இலேயே கிடைத்தது தறிக்காரருக்குக் கிடைக்க முப்பத்துநான்கு ஆண்டு பிடித்திருக்கிறது. பலவீனமான இதயத்துக்குக் காப்பீட்டில் ஒரு நெருடலும் உண்டு. தொகுப்புக் கட்டணம் அறுவைக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்படுகிறது; பம்பிங் 25 உள்ளவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் நாள்கள் கிடப்பார், பலூன் பம்ப் தேவைப்படலாம், சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ்கூட வேண்டிவரலாம். நல்ல இதயத்தோடு வருபவருக்கு ஆகும் செலவும் இவருக்கு ஆவதும் ஒன்றல்ல.

இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கையில்தான் அடிப்படைக் கேள்விக்கு நேரடியான சோதனை வந்தது. ஸ்டிச் என்று பெயரிட்ட அந்த ஆய்வு, 2002 முதல் 2007 வரை 22 நாடுகளிலிருந்து, பம்பிங் 35 அல்லது அதற்கும் குறைவாக உள்ள 1,212 பேரைச் சேர்த்தது. இந்தியாவும் அதில் ஒன்று. பாதிப்பேருக்கு மருந்தோடு பைபாஸ். மீதிப்பேருக்கு மருந்து மட்டும். முதல் முப்பது நாளில் அறுவைப் பிரிவில் 22 பேரும் மருந்துப் பிரிவில் 7 பேரும் இறந்தார்கள். 2011இல் வெளியான ஐந்தாண்டு முடிவில் மருந்துப் பிரிவில் 41 சதவீதமும் அறுவைப் பிரிவில் 36 சதவீதமும் இறந்திருந்தார்கள். புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. பைபாஸை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒரே தாளைக் காட்டித் தத்தம் கட்சியைப் பேசினார்கள். ஆய்வாளர்கள் நோயாளிகளை விட்டுவிடவில்லை. 2016இல் பத்தாண்டு முடிவு வந்தபோது மருந்துப் பிரிவில் 66.1 சதவீதம் பேரும் அறுவைப் பிரிவில் 58.9 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இந்த முறை வேறுபாடு உறுதிப்பட்டது. முதல் மாதம் கட்டும் விலையைப் பின்னால் வரும் ஆண்டுகள் திருப்பித் தருகின்றன என்பதே அதன் பொருள். அப்படியானால் அந்த ஆண்டுகள் மிச்சமிருப்பவருக்கே அறுவையால் லாபம். ஐம்பதுகளில் மாரடைப்பு கண்ட தெற்காசியருக்கு இந்தக் கணக்கு எண்பது வயதுக்காரரைவிட நன்றாகப் பொருந்துகிறது.

ஸ்டிச் ஒரு சங்கடத்தையும் விட்டுச்சென்றது. உறங்கும் தசை அதிகமுள்ளவர்களுக்கே பைபாஸால் பலன் என்று எதிர்பார்த்து, 601 பேருக்கு அந்தச் சோதனை செய்யப்பட்டது. சோதனை முடிவுக்கும் அறுவையின் பலனுக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. ரஹிம்தூலாவின் கருத்து பொய்த்துவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. அதைக் கொண்டு மட்டும் ஒருவருக்கு அறுவையை மறுப்பது சரியல்ல என்ற அளவில் மருத்துவர்கள் நின்றார்கள்.

அடைபட்ட தமனியைத் திறந்துவைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் இந்த வழக்கில் வேறொரு தரப்பு. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு ஏறக்குறைய 30,000 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு விதித்தபின் எளிய அடைப்புகள் பெரும்பாலும் ஸ்டென்டுக்கே போயின. அறுவை அரங்குக்கு வருபவர்களில் மூன்று தமனியும் அடைபட்ட சர்க்கரை நோயாளிகளின் பங்கு கூடியது. பலவீனமான இதயத்துக்கும் ஸ்டென்ட் போதுமா என்று பிரிட்டனில் 700 பேரிடம் சோதித்த ரிவைவ்டு ஆய்வு 2022இல் வெளியானது: மருந்தை மட்டும் எடுத்தவர்களைவிட ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. இதற்குள் மருந்துகளும் வலுத்துவிட்டன. பீட்டா தடுப்பான்கள், ஸ்பைரோனோலாக்டோன், 2014இல் சகுபிட்ரில்–வல்சார்டன், 2019இல் டாபாகிளிஃப்ளோசின் என்று ஒவ்வொன்றும் இதயச் செயலிழப்பில் மரணத்தைக் குறைத்தன. ஸ்டிச் ஆய்வில் தோற்ற மருந்துப் பிரிவு இன்றைய மருந்துகளோடு மறுபடி களமிறங்கினால் என்னாகும் என்ற கேள்வி திறந்தேயிருக்கிறது.

சமவெளியில் இப்போது நடக்கும் வேலை அறுவை அரங்குக்கு முன்னும் பின்னும் விரிந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு கண்ணிகளாகப் பிணைத்து, மாரடைப்பு நோயாளியை நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 பேரிடம் சோதிக்கப்பட்டது; ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 108 ஆம்புலன்ஸ் 2008இலேயே ஓடத் தொடங்கியிருந்தது. 2022 ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் வேளையை அங்கேயே கொடுத்தனுப்புகிறது.

இத்தனைக்கும் பிறகு பம்பிங் குறைந்து வருபவரை உடனே மேசையில் படுக்கவைப்பதில்லை. அவசரமில்லாதபோது, நீரிறக்கும் மாத்திரைகளால் நுரையீரலில் கட்டிய நீரைக் குறைத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து, தைப்பதற்கு அடைப்புக்கு அப்பால் நல்ல தமனி இருக்கிறதா என்று ஆஞ்சியோகிராமை மறுபடி பார்த்தபின்னரே நாள் குறிக்கிறார்கள். அறுவைக்குப்பின் மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். காசு தீர்ந்ததாலோ உடம்பு தேறியதாலோ அவற்றை நிறுத்திவிடுபவர்களிடம்தான் பைபாஸின் பலன் வீணாகிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து எக்கோ மறுபடி எடுக்கப்படும். பம்பிங் ஏறியிருந்தால் மருந்து தொடரும். இன்னும் 35க்குக் கீழேயே நின்றால், திடீர் மரணத்தைத் தடுக்கும் மின்னதிர்வுக் கருவியைத் தோளருகே பொருத்துவதா என்று பேச்சு தொடங்கும்.